மூன்று கணவர்களும் நாங்களும்

திண்டிவனத்துக் கிறிஸ்தவர்களான எங்களுக்கு மேடை கிடைத்தால் போதும், ஐடா ஸ்கடர் கதையை எடுத்துவிடுவோம். வேலூர் சி.எம்.சி.யில் பிழைத்து எழுந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு வித்து விழுந்தது எங்கள் ஊர் மிஷன் பங்களாவில் என்று சொல்லும்போது எங்கள் குரல் தானாகவே ஒரு கட்டை ஏறும். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், ஞாயிறு பள்ளி ஆண்டு விழா, பள்ளிக்கூட விழா என்று எதுவானாலும் இந்தக் கதை வந்துவிடும். விழுப்புரத்துக்காரர்கள் கொஞ்சம் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஐடா 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா, பெரியப்பாக்கள் என்று குடும்பமே மிஷனரிக் குடும்பம். ஆற்காடு மிஷனை 1853இல் தொடங்கியதே அந்தக் குடும்பத்து அண்ணன் தம்பிகள்தான். ஐடாவுக்கோ அதில் துளிகூட விருப்பமில்லை. அமெரிக்காவில் படித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனம் வந்தார். அம்மா தேறியதும் கப்பலேறிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமணர். மனைவிக்குப் பிரசவ வலி, பிள்ளை வெளியே வரவில்லை, நீங்கள் வரவேண்டும் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள், நானும் கூட வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் பார்க்கக் கூடாது என்று அவர் திரும்பிப் போனார். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார், அதே வேண்டுதல், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு மேல்சாதி இந்து. விடிந்ததும் பறை கேட்டது. ஆளனுப்பி விசாரித்தால் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அப்போதே முடிவெடுத்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம், 1900இல் இந்தியா, 1902இல் வேலூரில் நாற்பது படுக்கையோடு ஆஸ்பத்திரி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இந்த இடத்தில் சபையார் கை தட்டுவார்கள். பிறகு காணிக்கைப் பை வரும்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் ஐடாவின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறோம். எந்தப் பிரசங்கத்திலும் யாரும் அந்தக் கணவர்களின் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று கதையில் எங்கும் இல்லை. பெண்டாட்டி மேல் அக்கறை இல்லாதவன் அந்த நேரத்தில் வெள்ளைக்காரர் பங்களாவின் கதவைத் தட்ட மாட்டான். டாக்டர் வீட்டில்தான் இருந்தார், வரத் தயாராகவும் இருந்தார். எல்லாம் இருந்தும் அந்த மனிதர்களால் வழக்கத்தைத் தாண்ட முடியவில்லை. மனசுக்குள் இருப்பது அவரவர் சொந்த விஷயம் என்று சொல்கிறோம். அந்த மூன்று பேரின் மனசுக்குள் இருந்ததற்கு உயிரைக் கொடுத்தவர்கள் வீட்டில் வலியெடுத்துக் கிடந்த பெண்கள். அவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவும் இல்லை.

ஐடாவின் கதையைச் சொல்லச் சொல்ல எங்களுக்குப் பெருமை ஏறியது. கணவர்களின் கதையைச் சொல்லியிருந்தால் என்ன ஏறியிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறோம்.

சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பொதுப் பாவ அறிக்கை சொல்லும்போது, செய்த குற்றங்களுக்கு முன்னால் செய்யாமல் விட்டவைதான் வரும். ஆர்.சி. திருப்பலியிலும் எண்ணம், பேச்சு, செயல் இவற்றோடு கடமை தவறியதும் சேர்ந்தே வருகிறது. இரண்டு சபையாருக்கும் அது மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் சொல்வோம். எதைச் செய்யாமல் விட்டோம் என்று கேட்டால்தான் முழிப்போம். அதனால் இங்கே ஊரையும் தேதியையும் போட்டே சொல்லிவிடுகிறோம்.

ஊர் சொல்ல முடியாத ஒன்றை முதலில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது எங்கள் எல்லா ஊரிலும் நடக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலம். ஆராதனை முடிந்ததும் பந்தலில் நெல் மூட்டை, கரும்புக் கட்டு, பூசணிக்காய், கால் கட்டிய சேவல், வீட்டில் செய்த கேக் எல்லாம் வரிசையாக வரும். முன் வரிசை நாற்காலிகளில் கமிட்டி அங்கத்தினர்கள், தலைமை ஆசிரியர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். ஓர் எலுமிச்சம்பழம் இரண்டாயிரத்துக்குப் போகும். போன தேர்தலில் எதிரெதிரே நின்ற இரண்டு பேர் அந்தப் பழத்தை வைத்துப் பழி தீர்த்துக்கொள்வார்கள். காலனியிலிருந்து ஓர் ஆயா மஞ்சப் பையில் இரண்டு படி மல்லாட்டை கொண்டு வந்திருப்பாள். தன் கொல்லையில் விளைந்தது, தானே பிடுங்கி, அலசி, காய வைத்தது. மைக் பிடித்த தம்பி பையைத் தூக்கிக் காட்டி, "ஆயா மல்லாட்டை வந்திருக்கு, யாராச்சும் அம்பது ரூபா சொல்லி முடிச்சு வுடுங்கப்பா, பிரியாணி ஆறுது" என்பான். பந்தலே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் வன்மம் கிடையாது, சத்தியமாகக் கிடையாது. ஆயாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அவள் பக்கத்தில் பாவாடை சட்டையில் நிற்கிற பேத்தி சிரிக்க மாட்டாள். நாலைந்து வருஷம் கழித்து அந்தப் பேத்தியைக் காலனியில் கூரை போட்டு நடக்கும் ஜெப வீட்டில் பார்க்கலாம். "நம்ம ஆடுங்களைத் திருடுறானுங்க" என்று அந்தப் பாஸ்டரைப் பற்றிக் கமிட்டியில் காரசாரமாகப் பேசுவோம்.

பொன்மோதிரம் போட்டு வந்தவனுக்கு நாற்காலியும் கந்தையோடு வந்தவனுக்கு ஓரமும் கொடுக்கிறவர்களைப் பற்றி யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் முன் வரிசைக்காரர்களே அதை எழுந்து வாசிக்கிறார்கள், திருத்தமான உச்சரிப்போடு.

எறையூருக்கு வருவோம். உளுந்தூர்பேட்டைப் பக்கம். 2008இல் அது விழுப்புரம் மாவட்டம். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் எறையூரும் அந்தப் பக்கம் போய்விட்டது. அதில் எங்களில் சிலருக்கு உள்ளூர நிம்மதி, ஏதோ கணக்குத் தீர்ந்ததைப் போல. அங்கே ஜெபமாலை அன்னை ஆலயத்தில் வன்னியர் கத்தோலிக்கரும் தலித் கத்தோலிக்கரும் தலைமுறை தலைமுறையாக ஒரே பங்கில் இருந்தார்கள். கல்லறை மட்டும் வேறு வேறு. தலித் வீட்டு இறுதி ஊர்வலம் பெரிய தெரு வழியாக வரக் கூடாது. எங்களுக்குச் சமமான இடம் இல்லையென்றால் தனிப் பங்காகப் பிரித்துக் கொடுங்கள் என்று தலித் மக்கள் கேட்டார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. இரண்டு பேர் செத்தார்கள். இருவரும் வன்னியர் கிறிஸ்தவர்கள்.

அது தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அந்த ஆண்டு அந்த ஞாயிறுக்கென்று கத்தோலிக்கத் திருச்சபை குறித்திருந்த நற்செய்தி, லாசரைக் கல்லறையிலிருந்து இயேசு எழுப்பியது. கல்லைப் புரட்டச் சொன்னார், கட்டை அவிழ்த்துவிடச் சொன்னார். அந்த இரண்டு வேலையும் பக்கத்தில் நின்ற ஊராருடையது. எறையூர் தவிர மற்ற ஊர்களில் நாங்கள் அந்த வாசகத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு இல்லாத ஞாயிறு என்று குறைபட்டுக்கொண்டு சாப்பிட்டோம். சாயங்காலம் டி.வி.யில் எறையூர் வந்தது.

அப்போது நாங்கள் பேசியது நன்றாக நினைவிருக்கிறது. "அது ஆர்.சி.காரங்க பிரச்சினை" என்றோம் சி.எஸ்.ஐ.காரர்கள். "அது கிராமம், டவுன்ல அப்படியெல்லாம் இல்ல" என்றோம் ஆர்.சி.காரர்கள். ரெண்டு பக்கமும் தப்பு இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னவர்கள் எங்களில் நியாயஸ்தர்கள். செத்தவர்கள் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை, அடிபட்டவர்கள் வீட்டுக்குப் போய் ஓடு மாற்றிக் கொடுக்கவும் தோன்றவில்லை. பெரிய தெருவில் பிணம் போகக் கூடாது என்று முதலில் சொன்னவன் யாரென்று யாருக்கும் தெரியாது. அது முன்னோர் காலத்து வழக்கம், அவ்வளவுதான். திண்டிவனம் பங்களா வாசலில் நின்ற மூன்று பேரும் சொன்னது இதைத்தான். அந்த இரண்டு வன்னியர் வீட்டுப் பிள்ளைகளும் ஒருவகையில் அந்த வழக்கத்துக்குப் பலியானவர்கள் என்று சொல்ல நாங்கள் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் வன்னியர் பக்கமும் கோபம் வந்திருக்கும், தலித் பக்கமும் கோபம் வந்திருக்கும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகள் இரண்டு பக்கத்திலும் இருந்தன.

இதில் வேடிக்கை, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஆம் தேதி எங்களில் பலர் கறுப்புப் பட்டை அணிகிறோம். 1950இல் அன்றைக்குத்தான் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. அதன்படி இந்து தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை உண்டு. பிறகு சீக்கியருக்கும் பௌத்தருக்கும் சேர்த்தார்கள், கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. மதம் மாறினாலும் சாதிக் கொடுமை விடுவதில்லை என்பதுதான் எங்கள் வாதம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் இதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. கோரிக்கை முழுக்க முழுக்க நியாயம். ஆனால் டெல்லிக்குப் போகும் மனுவில் திருச்சபைக்குள் சாதி இருக்கிறது என்று சான்று காட்டுகிற நாங்களே, உள்ளூரில் ஒரு தலித் சகோதரர் எழுந்து அதையே சொன்னால், "கர்த்தருடைய வீட்டில் சாதி ஏது பிரதர்" என்று உட்கார வைக்கிறோம். சாட்சிக்கு ஒரு நாக்கு, சபைக்கு ஒரு நாக்கு.

அதே 2023 ஏப்ரலில் விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர் தாக்கப்பட்டார். ஜூனில் வருவாய்த் துறை கோயிலுக்கே சீல் வைத்தது. எங்கள் வாட்ஸாப் குழுக்களில் அந்தச் செய்தி பறந்தது. இதனால்தான் நம்ம முன்னோர்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள் என்று சாட்சி எழுதினோம். ஒருவர்கூட எறையூரைத் தொடவில்லை.

அந்த ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில், மே மாதம், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் பெண்கள் மண்ணில் புரண்டு அழுததை நாங்கள் பஸ்ஸில் போகும்போதே பார்த்தோம். அரசாங்கம் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்ததும் எங்களுக்கு நாக்கு நீண்டது. "குடிச்சு செத்தவனுக்குப் பத்து லட்சமா? ராணுவத்துல செத்தவனுக்கு என்ன குடுத்தாங்க?" என்று ஆலய வாசலிலேயே கேட்டோம். மதுவிலக்கு நாங்கள் நூற்றைம்பது வருஷமாகச் சொல்லி வருவது, அதனால் பேச எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நினைப்பு. அந்த வார்த்தை குப்பத்துக்குப் போய்ச் சேர எத்தனை நாழிகை ஆகும்? கடலோரத்திலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் தெருக்களில் விற்கிற பெண்கள் காதில் அது விழாமலா இருந்திருக்கும்? தாலியறுத்தவளிடம் மீன் வாங்கிக்கொண்டே அவள் புருஷனின் ஒழுக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம். கள்ளச்சாராயத்தை எதிர்த்து நாங்கள் ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை என்பது தனிக் கணக்கு.

இவற்றையெல்லாம்விட எங்களைக் குறுக்கிப் போட்டது அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. விக்கிரவாண்டி வட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம். ஆதரவற்றோர், முதியோர், மனநலம் குன்றியோர் இருந்த இல்லம். அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தபோது முறையான உரிமம் இல்லை. 140க்கும் மேற்பட்டோரை மீட்டார்கள், பலரை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடி, சங்கிலி, பாலியல் வன்கொடுமை, ஆட்களைக் காணவில்லை என்று அடுத்தடுத்துப் புகார்கள் வந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. நடத்தியவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அவர்கள் கிறிஸ்தவப் பெயர் உடையவர்கள் என்பதால் சபைக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்பதுதான் எங்களுக்கு முதலில் எழுந்த கவலை. உள்ளே இருந்தவர்களைப் பற்றிய கவலை அதற்குப் பின்னால்தான் வந்தது. சோதனை நடந்து பன்னிரண்டாம் நாள் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் வைத்துக்கொண்டு அலுவலகம் போனோம்.

இந்த மாதிரி இல்லங்களோடு எங்களுக்கு இருக்கும் உறவை மறைக்காமல் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டில், ஜங்ஷனில், ஆலய மதிலோரத்தில் அழுக்குச் சட்டையோடு தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்தால் எங்களுக்குச் சங்கடம். யாராவது ஆம்புலன்ஸ் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனால், "பாவம், நல்ல இடத்துக்குப் போயிட்டாரு" என்போம். எந்த இடம் என்று கேட்பதில்லை. பிள்ளையின் முதல் பிறந்த நாளுக்கு ஏதாவது ஓர் இல்லத்துக்குப் போவோம். பிள்ளையின் படம் போட்ட பேனர், ஒரு அண்டா வெஜிடபிள் பிரியாணி, ஆளுக்கு ஒரு லட்டு. அங்கே இருப்பவர்களைச் சுவரோரமாக உட்கார வைத்திருப்பார்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி மொட்டை. சாப்பிடுவதற்கு முன் பிள்ளைக்காகப் பாடச் சொல்வார்கள், அவர்களும் கை தட்டிப் பாடுவார்கள். நாங்கள் கண் கலங்குவோம், படம் எடுப்போம், ஸ்டேட்டஸில் போடுவோம். ஒரு மணி நேரத்துக்குள் காரில் ஏறிவிடுவோம். உன் பேர் என்ன, எந்த ஊர், இங்கே எப்படி வந்தே, கையில் என்ன காயம் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயமும் உள்ளே இருந்திருக்கும்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இடது பக்கம் நிறுத்தப்பட்டவர்கள் யாரையும் அடித்ததாகவோ பூட்டி வைத்ததாகவோ இல்லை. சோறு போடவில்லை, வந்து பார்க்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. நாங்கள் அவர்களையும் மிஞ்சியவர்கள். வந்தோம், சோறும் போட்டோம், பார்க்கவில்லை.

குண்டலப்புலியூர் விவகாரம் எப்படி வெளியே வந்தது என்பதை எங்கள் சபைகளில் யாரும் பேசுவதில்லை. ஓர் இஸ்லாமிய முதியவரை அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். சில மாதம் கழித்து உறவினர்கள் பார்க்க வந்தபோது அவர் இல்லை. பெங்களூருவில் ஒரு இல்லத்துக்கு மாற்றிவிட்டோம் என்று பதில் வந்தது. அவர்கள் அத்தோடு விடவில்லை. அங்கே தேடினார்கள், அங்கேயும் அவர் இல்லை. போலீஸில் புகார் கொடுத்தார்கள், பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அந்த மனுவை வைத்துத்தான் அதிகாரிகள் ஆசிரமத்துக்குள் நுழைந்தார்கள். நல்ல சமாரியன் கதையில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போன பாதையில் நின்றவன் வேற்று மதத்தான் என்று வருஷத்துக்கு நாலு முறை பிரசங்கம் கேட்கிற எங்களுக்கு இந்த இடத்தை விளக்கிச் சொல்ல சபை ஐயர் வேண்டியதில்லை. ஒரே ஒரு கிழவரைப் பெயர் சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களால்தான் மற்ற நூற்று நாற்பது பேரும் வெளியே வந்தார்கள். பிறகு அவர்களை வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள். எங்கே என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

இந்த ஆண்டு எங்கள் வாலிபர் சங்கம் வேறொரு இல்லத்துக்குப் போகத் தேதி குறித்திருக்கிறது. இனிமேல் எந்த இல்லமானாலும் உரிமத்தையும் அங்கே இருப்பவர்களின் பதிவேட்டையும் பார்த்துவிட்டுத்தான் அரிசி கொடுப்பது, மாதம் ஒருமுறை இரண்டு பேர் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவது என்று கமிட்டியில் ஒரு டீச்சரம்மா எழுந்து சொன்னார். "தர்மம் பண்ணப் போற எடத்துல கணக்கு கேக்கறதாம்மா? அவங்க மனசு சங்கடப்படாதா?" என்றார் பொருளாளர். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கிறது. பேனருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.